யமாட்டோ: ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சே அனுப்பின கப்பல்

ரெண்டாம் உலகப்போர் பத்தி கொஞ்சமா படிச்சவங்க கூட யமாட்டோங்கிற பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. உலகத்துல இதுவரைக்கும் கட்டின பேட்டில்ஷிப்லயே பெருசு இதுதான்னு ஒரு வரி இருக்கும், 1945 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க விமானங்க மூழ்கடிச்சுருச்சுன்னு இன்னொரு வரி இருக்கும், அதோட விட்டுருவாங்க. ஆனா இதுல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் ரெண்டு இருக்கு. 41 செ.மீ. தடிமனுக்கு எஃகுக் கவசம் போட்ட ஒரு கப்பல் ரெண்டு மணி நேரத்துக்குள்ள எப்படிக் கவுந்துச்சு? போனா திரும்பி வராதுன்னு அனுப்பினவங்களுக்கே நல்லாத் தெரிஞ்சும் மூவாயிரத்துக்கும் மேல ஆளுங்களோட அதை ஏன் அனுப்பினாங்க? முதல் கேள்விக்கு ஸ்கூல் இயற்பியல் போதும். ரெண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்ப நாளா மனசை அறுத்துட்டு இருக்கிறது, அதனால அதையும் சேர்த்தே சொல்லிடறேன்.

கடற்படையில எல்லாக் கப்பலும் ஒண்ணு கிடையாது. சின்னதா வேகமா ஓடுற டெஸ்ட்ராயர், அதைவிடப் பெரிய க்ரூஸர், விமானங்களைச் சுமந்துட்டுப் போற விமானம்தாங்கி, தண்ணிக்கடியில போற நீர்மூழ்கின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை. பேட்டில்ஷிப்ங்கிறது பெரிய பீரங்கிக்காகவே கட்டுற கப்பல். அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கு இவ்வளவுதான்: எதிரியோட குண்டு நம்மகிட்ட வந்து சேர முடியாத தூரத்துல நின்னு நாம அவனை அடிக்கணும், அப்படியும் அவன் குண்டு நம்ம மேல விழுந்தா தாங்குற அளவுக்குக் கவசம் இருக்கணும். பீரங்கி பெருசானா கப்பல் பெருசாகணும், கப்பல் பெருசானா அதைக் காப்பாத்த இன்னும் கவசம், அந்த எடையை இழுக்க இன்னும் பெரிய எஞ்சின், இப்படியே அது வளர்ந்துட்டே போகும்.

1922ல வாஷிங்டன்ல ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுப்படி பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான் மூணும் பெரிய கப்பல் வச்சுக்கிறதுல 5:5:3ங்கிற விகிதம். ஜப்பானுக்கு மூணு பங்குதான். 1930கள்ல ஜப்பான் இந்தக் கட்டுப்பாடெல்லாம் வேண்டாம்னு வெளியே வந்துருச்சு. ஆனா வெளியே வந்துட்டா மட்டும் அமெரிக்காவோட எண்ணிக்கையில போட்டி போட முடியுமா? அங்க இருக்கிற எஃகு, ஃபேக்டரி, எண்ணெய் எதுவும் இங்க கிடையாது. அதனால ஜப்பான் கடற்படை வேற மாதிரி யோசிச்சுது, எண்ணிக்கையில தோத்தாலும் ஒவ்வொரு கப்பலும் எதிரி கப்பலை விடப் பெருசா இருக்கட்டும்னு. இதுல பனாமா கால்வாய்க்கும் ஒரு பங்கு இருக்கு. அமெரிக்கக் கப்பல் அட்லாண்டிக்லேர்ந்து பசிபிக் வரணும்னா அந்தக் கால்வாயோட மதகுக்குள்ள நுழைஞ்சாகணும், அதோட அகலம் 33.5 மீட்டர்தான். அந்த அகலத்துக்குள்ள அடங்குற கப்பல்ல ஒரு அளவுக்கு மேல பெரிய பீரங்கி வைக்க முடியாது. அதனால 46 செ.மீ. பீரங்கி வச்ச கப்பல் நம்மகிட்ட இருந்தா அவங்க பதில் கப்பல் கட்டவே வருஷக்கணக்கா ஆகும்னு நினைச்சாங்க. யமாட்டோவோட அகலம் கிட்டத்தட்ட 39 மீட்டர்.

1937 நவம்பர்ல ஜப்பான்ல கூரே ஊர்ல இருந்த கடற்படைக் கப்பல்கட்டும் தளத்துல வேலையை ஆரம்பிச்சாங்க. ரொம்ப ரகசியம். கட்டுற இடம் வெளியே தெரியாம மறைப்பு போட்டாங்க, பீரங்கியோட நிஜ அளவு வெளிய தெரியக்கூடாதுன்னு ஆவணத்துலயே 40 செ.மீ.ன்னுதான் எழுதினாங்க. முடிச்சப்போ நீளம் 263 மீட்டர், எல்லாம் ஏத்தினா எடை கிட்டத்தட்ட 72,000 டன். மூணு டரட், அதாவது சுழலுற பீரங்கிக் கூண்டு, ஒவ்வொண்ணுலயும் மூணு பீரங்கி, ஆக ஒன்பது. ஒரு கவசத்துளைப்புக் குண்டு 1,460 கிலோ, அதை 42 கிலோமீட்டர் தூரத்துக்கு வீசும். ஒரே ஒரு டரட்டோட எடை 2,500 டன்னுக்கு மேல, அந்தக் காலத்து டெஸ்ட்ராயர் ஒண்ணு முழுசா சேர்ந்தாலே அவ்வளவுதான் இருக்கும். இதே டிசைன்ல இன்னொரு கப்பல் முசாஷி. மூணாவதா ஆரம்பிச்ச ஷினானோவை நடுவுலயே விமானம்தாங்கியா மாத்திட்டாங்க.

இந்த யோசனையே காலாவதி ஆயிருச்சுன்னு உலகத்துக்குக் காட்டினது ஜப்பான்தான். 1941 டிசம்பர் 10, மலேயாவுல குவாந்தான் பக்கத்துக் கடல்ல பிரிட்டனோட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ்னு ரெண்டு பெரிய கப்பலை ஜப்பான் விமானங்க டார்பிடோவும் (தண்ணிக்கடியில ஓடிப்போய் கப்பல்ல மோதி வெடிக்கிற ஆயுதம்) குண்டும் போட்டு மூழ்கடிச்சுது. கொழும்பு வழியா சிங்கப்பூருக்கு வந்த கப்பலுங்க அது, வந்து ரெண்டு வாரம்கூட ஆகலை. மேல பாதுகாப்புக்கு ஒரு ஃபைட்டர் விமானம்கூட கிடையாது. கடல்ல ஓடிட்டு இருக்கிற, திருப்பிச் சுடுற ஒரு பேட்டில்ஷிப்பை வெறும் விமானத்தாலயே மூழ்கடிக்க முடியும்னு அன்னைக்கு நிரூபணம் ஆச்சு. அதுக்கு ஆறு நாள் கழிச்சு, டிசம்பர் 16ஆம் தேதி, யமாட்டோ கடற்படையில சேர்ந்துச்சு. இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா மீதிக் கதை ஏன் அப்படிப் போச்சுன்னு பாதி புரிஞ்சுரும்.

கணக்கு சிம்பிள். யமாட்டோவோட பீரங்கி 42 கிலோமீட்டர் அடிக்கும். விமானம்தாங்கிலேர்ந்து கிளம்புற விமானம் 400 கிலோமீட்டர் தூரத்துல இருக்கிற கப்பலை அடிச்சுட்டுத் திரும்பி வரும். எதிரிக்கு எட்டாத தூரத்துல நின்னு அடிக்கணும்ங்கிறதுதானே பேட்டில்ஷிப்போட அடிப்படையே, அந்த வேலையைப் பத்து மடங்கு தூரத்துக்குச் செய்யிற ஆயுதம் வந்துட்ட பிறகு மிச்சம் இருக்கிறது கவசம் மட்டும்தான்.

போர்ல பாதி நாள் யமாட்டோ சண்டையே போடலை. 1942ல பசிபிக்ல நடந்த மிட்வே சண்டையில ஜப்பான் கடற்படைத் தளபதி யமமோட்டோ இந்தக் கப்பல்லதான் இருந்தாரு, ஆனா விமானம்தாங்கிகளுக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் பின்னாடி. அப்புறம் பசிபிக்ல ஜப்பான் கடற்படைத் தளமா இருந்த ட்ரக் தீவுல நங்கூரம் போட்டு மாசக்கணக்கா நின்னுச்சு. எண்ணெயை ரொம்பக் குடிக்கும், ஒரு பெரிய கடைசிச் சண்டை வரும் அப்போ இறக்கலாம்னு பத்திரமா வச்சிருந்தாங்க, அதுக்குள்ள மத்தக் கப்பல்ல இருந்த மாலுமிங்க இதை யமாட்டோ ஹோட்டல்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. 1943 டிசம்பர்ல ஸ்கேட்ங்கிற அமெரிக்க நீர்மூழ்கி ஒரு டார்பிடோ அடிச்சப்போ மூவாயிரம் டன் அளவுக்குத் தண்ணி உள்ள வந்துருச்சு, பக்கவாட்டுக் கவசத்துல மேல்தட்டும் கீழ்த்தட்டும் சேர்ற இடத்துல பலம் பத்தாதுன்னு அப்பவே தெரிஞ்சுது. ரிப்பேர் பண்ணாங்க, ஆனா அடிப்படை டிசைனை அதுக்கப்புறம் மாத்த முடியுமா.

1944 அக்டோபர்ல பிலிப்பைன்ஸ் பக்கம் லேய்ட்டே வளைகுடாச் சண்டை. 24ஆம் தேதி முசாஷி மேல அமெரிக்க விமானங்க திரும்பத் திரும்ப வந்து ஏறக்குறைய இருபது டார்பிடோவும் அதே அளவுக்குக் குண்டும் போட்டுச்சு, அப்பவும் மணிக்கணக்கா மிதந்துட்டே இருந்து சாயங்காலம்தான் மூழ்குச்சு. மறுநாள் சமார் தீவுப் பக்கத்துல யமாட்டோ தன்னோட வாழ்நாள்லயே முதலும் கடைசியுமா எதிரிக் கப்பல் மேல பெரிய பீரங்கியால சுட்டுச்சு. இதுல முசாஷி விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. முசாஷிக்கு டார்பிடோ ரெண்டு பக்கமும் விழுந்துச்சு, தண்ணி ரெண்டு பக்கமும் ஏறினதால கப்பல் சாயாம மெதுவா இறங்கிட்டே போச்சு. அதனாலதான் அவ்வளவு நேரம் தாங்குச்சு.

1945 ஏப்ரல் 1ஆம் தேதி அமெரிக்கப் படை ஜப்பானுக்குத் தெற்கே இருக்கிற ஓகினாவாத் தீவுல இறங்குச்சு. ஓகினாவா போச்சுன்னா அடுத்தது ஜப்பானோட பெரிய தீவுங்கதான். அந்த நேரத்துல ஜப்பான்கிட்ட தேர்ந்த பைலட் இல்லை, தெற்குலேர்ந்து எண்ணெய் கொண்டுவர்ற கப்பல் பாதையை நீர்மூழ்கிங்க அறுத்துட்டதால எண்ணெய் இல்லை, நல்ல நிலையில ஓடுற விமானம்தாங்கின்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லை. இருந்த விமானத்தையெல்லாம் கமிகாஸேன்னு எதிரிக் கப்பல் மேல மோதவிட்டாங்க. ஏப்ரல் 6ஆம் தேதி ஆரம்பிச்ச அந்தப் பெரிய தாக்குதல்ல முந்நூத்துக்கும் மேல பைலட்டுங்களை அப்படி அனுப்பினாங்க.

இந்த விமானத் தாக்குதல் திட்டத்தைச் சக்கரவர்த்தி ஹிரோஹிடோகிட்ட விளக்கினப்போ, கடற்படை என்ன பண்ணுது, கப்பலே மிச்சம் இல்லையான்னு அவர் கேட்டதா சொல்றாங்க. அவர் சாதாரணமாக் கேட்டாரோ கண்டிச்சுக் கேட்டாரோ, கடற்படைத் தலைமைக்கு அது பெரிய அவமானமாப் போச்சு. விமானப்படை ஆளுங்க தினமும் சாகுறாங்க, தரைப்படை ஓகினாவாவுல சாகுது, நாட்டோட பழைய பேரையே சுமந்துட்டு இருக்கிற கப்பல் மட்டும் துறைமுகத்துல சும்மா நிக்குதேன்னு. கூட்டுக் கடற்படைத் தலைமையில இருந்த ஷிகெனோரி காமிங்கிற அதிகாரி யமாட்டோவை ஓகினாவாவுக்கு அனுப்பணும்னு ரொம்ப அழுத்தம் குடுத்தாரு, தலைமைத் தளபதி சோயெமு டொயோடா சரின்னுட்டாரு. திட்டத்துக்குப் பேரு டென்-கோ.

திட்டம் என்னன்னு கேட்டா நம்பவே கஷ்டமா இருக்கும். யமாட்டோ, யஹாகிங்கிற ஒரு லைட் க்ரூஸர், எட்டு டெஸ்ட்ராயர், மொத்தம் பத்துக் கப்பல். மேல விமானப் பாதுகாப்பு கிடையாது. ஆயிரத்துக்கும் மேல கப்பல் நிக்கிற ஓகினாவாக் கடலுக்குள்ள எட்டாம் தேதி விடியக்காலையில நுழைஞ்சு, முடிஞ்ச வரைக்கும் எதிரிக் கப்பலைச் சுட்டுட்டு, கடைசியில யமாட்டோவைக் கரையில ஏத்தி நிறுத்தி, அங்கேர்ந்து பீரங்கிக் கோட்டை மாதிரி சுடணும். குண்டெல்லாம் தீர்ந்தா மிச்சம் இருக்கிற மாலுமிங்க இறங்கித் தரைப்படையோட சேர்ந்து சண்டை போடணும்.

இந்தக் கப்பலுங்களை நடத்திட்டுப் போக வேண்டிய இரண்டாவது கடற்படைப் பிரிவோட தளபதி செய்இச்சி இட்டோ இதை ஏத்துக்கலை. விமானப் பாதுகாப்பு இல்லாம பாதித் தூரம்கூடப் போக முடியாதுன்னு அவருக்குத் தெரியும். டெஸ்ட்ராயர் படைத் தளபதி கெய்ஸோ கொமுராவும் கப்பல் கேப்டன்களும் வெளிப்படையாவே எதிர்த்தாங்க. சாகப் பயந்து இல்லை, இதெல்லாம் வருஷக்கணக்காச் சண்டை போட்ட ஆளுங்க, ஒண்ணுத்துக்கும் உதவாத சாவுக்கு மாலுமிங்களைக் கூட்டிட்டுப் போகச் சொல்றீங்களேன்னுதான் அவங்க வாதம். இட்டோவைச் சம்மதிக்க வைக்க, கூட்டுக் கடற்படையோட தலைமை அலுவலர் ரியுனொசுகே குசாகா ஏப்ரல் 6ஆம் தேதி விமானத்துல நேர்லயே வந்தாரு. இத்தனைக்கும் இந்தத் திட்டத்தை முடிவு பண்ணப்போ குசாகாவையே கேக்கலை, அவருக்கும் இதுல சம்மதம் இல்லை. தன்கிட்ட பதில் இல்லாத கேள்விக்கு இன்னொருத்தரைச் சம்மதிக்க வைக்க வந்த மனுஷன் அவர். ராணுவக் காரணம் எதுவும் சொல்ல முடியாம கடைசியில, பத்துக் கோடி மக்களும் நாட்டுக்காகச் சாகத் தயாராகணும், அதுக்கு நீங்க முன்னோடியா இருக்கணும்னு சொன்னாரு. அதுக்கு மேல இட்டோ வாதாடலை.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படிச்சாலும் கோபம்தான் வருது. எதிர்த்தவங்க சொன்னது ஒவ்வொண்ணும் சரி. கேட்டுட்டு இருந்தவருக்கும் அது சரின்னு தெரியும். ஆனா ஜெயிப்போமாங்கிற கேள்வியே அந்த ரூம்ல இல்லாமப் போச்சு, எப்படிச் சாகணும்ங்கிற கேள்விதான் மிச்சம் இருந்துச்சு. கப்பலோட அடித்தளத்துல பாய்லர் பார்க்கிற இருபது வயசுப் பையனை யாரும் எதையும் கேக்கலை.

ஒரே ஒரு நல்ல காரியம் நடந்துச்சு. கடற்படைப் பள்ளியில படிச்சு முடிச்சு சில நாள் முன்னாடிதான் கப்பல்ல ஏறியிருந்த அறுபதுக்கும் மேல பயிற்சி அதிகாரிங்களைக் கரையில இறக்கிவிட்டாங்க. நாங்களும் வர்றோம்னு அவங்க கெஞ்சினாங்க, கேக்கலை. உடம்பு சரியில்லாதவங்களையும் வயசானவங்க சிலரையும் இறக்கினாங்க. கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி எல்லாருக்கும் சாக்கே மது குடுத்தாங்க, வீட்டுக்குக் கடைசிக் கடுதாசி எழுதச் சொன்னாங்க.

எண்ணெய் விஷயத்துல ஒரு நம்பிக்கை பரவலா இருக்கு, போறதுக்கு மட்டும்தான் எண்ணெய் போட்டு அனுப்பினாங்கன்னு. உத்தரவு அப்படித்தான் இருந்துச்சு. ஆனா எண்ணெய்க் கிடங்குல பொறுப்புல இருந்தவங்களுக்கு மனசு கேக்கலை. பசங்களைப் பட்டினி போட்டு அனுப்ப முடியாதுன்னு, கணக்குல வராம டேங்க் அடியில தங்கியிருந்த எண்ணெயை எல்லாம் கையால பம்ப் பண்ணி எடுத்து யமாட்டோவுக்கு ஏறக்குறைய 4,000 டன் நிரப்பினாங்க. ஓகினாவா போய்ட்டுத் திரும்பி வர அது போதும்.

6ஆம் தேதி சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு டொக்குயாமாலேர்ந்து கிளம்பினாங்க. கேப்டன் கோசாகு அருகா. ராத்திரி புங்கோ ஜலசந்தியைத் தாண்டும்போதே த்ரெட்ஃபின், ஹேக்கிள்பேக்னு ரெண்டு அமெரிக்க நீர்மூழ்கி பார்த்துட்டு ரேடியோவுல சொல்லிருச்சு. அதுக்கு முன்னாடியே ஜப்பானோட சங்கேதச் செய்திகளை உடைச்சுப் படிச்சதுல இவங்க வர்றது அமெரிக்கர்களுக்குத் தெரியும். ஜப்பானோட தெற்குப் பக்கத்துப் பெரிய தீவான கியூஷுவைச் சுத்திட்டு நேரா தெற்கே போகாம மேற்குப் பக்கமாத் திரும்பி எங்க போறோம்னு குழப்பப் பார்த்தாங்க, பலிக்கலை. காலையில கொஞ்ச நேரம் மேல சில ஜப்பான் ஃபைட்டர் விமானங்க வந்துச்சு, பத்து மணிவாக்குல அதுவும் திரும்பிப் போயிருச்சு. அசாஷிமோங்கிற டெஸ்ட்ராயர் எஞ்சின் கோளாறுல பின்தங்கிருச்சு. தனியா மாட்டிக்கிட்ட அந்தக் கப்பலை விமானங்க மூழ்கடிச்சுது, அதுல இருந்த 326 பேர்ல ஒருத்தர்கூடப் பிழைக்கலை.

அமெரிக்கப் பக்கம் தளபதி ஸ்ப்ரூயன்ஸ் முதல்ல பழைய பேட்டில்ஷிப்புகளைத் தயாராகச் சொன்னாரு, ஆனா விமானம்தாங்கிப் படையோட தளபதி மிட்ஷர் அதுக்குள்ள விமானத்தைக் கிளப்பிட்டாரு, ஸ்ப்ரூயன்ஸும் சரின்னுட்டாரு. அன்னைக்கு மொத்தம் 380க்கும் மேல விமானம் கிளம்புச்சு. பகல் 12:30 தாண்டினதும் முதல் கூட்டம் வந்துச்சு.

வானம் அன்னைக்கு மூடியிருந்துச்சு, மேகம் ஆயிரம் மீட்டருக்கும் கீழ வரைக்கும் தொங்கிட்டு இருந்துச்சு. விமானம் மேகத்தைக் கிழிச்சுட்டு வெளிய வர்றப்போ கப்பல் கிட்டத்துலயே இருக்கும், குறி பார்க்கச் சில நொடிதான் கிடைக்கும். யமாட்டோகிட்ட 25 மி.மீ. விமான எதிர்ப்புத் துப்பாக்கிக் குழல் மட்டும் 150 இருந்துச்சு. கேக்க நிறைய மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொண்ணுலயும் 15 ரவுண்டு பெட்டி, அது தீர்ந்ததும் கழட்டி அடுத்ததை மாட்டணும், அந்த இடைவெளிக்குள்ள விமானம் தாண்டிப் போயிரும். நிறைய துப்பாக்கிக்கு மறைப்பே கிடையாது, திறந்த தளத்துல நின்னுதான் சுடணும், மேலேர்ந்து மெஷின்கன் சுட்டா அப்படியே விழுவாங்க. பெரிய பீரங்கியிலயும் விமானத்துக்குன்னு தனிக் குண்டு இருந்துச்சு, வானத்துல வெடிச்சு நூத்துக்கணக்கான எரியுற துண்டா சிதறும், ஆனா 46 செ.மீ. பீரங்கி வெடிக்கும்போது வர்ற அதிர்ச்சிக் காத்துல வெளிய நிக்கிற ஆள் செத்தே போவான், அதனால பெரிய பீரங்கி சுடணும்னா சின்னத் துப்பாக்கிக்காரங்க உள்ள ஒதுங்கணும். ஒண்ணு சுட்டா இன்னொண்ணு நிக்கணும்ங்கிற நிலைமை.

முதல் தாக்குதல்லயே பின்பக்கம் குண்டு விழுந்து தீப்பிடிச்சுது, அதை அணைக்கவே முடியலை. அடுத்தடுத்து வந்த டார்பிடோ பெரும்பாலும் இடது பக்கம்தான். முசாஷி ரெண்டு பக்கமும் அடிவாங்கி ரொம்ப நேரம் மிதந்ததைப் பார்த்தவங்க, இந்தத் தடவை ஒரே பக்கமா அடிச்சாங்க.

இங்கதான் இயற்பியல் வருது. கப்பல் மூழ்கறதுக்கு ஓட்டை பெருசா இருக்கணும்னு அவசியம் இல்லை, தண்ணி எந்தப் பக்கம் சேருதுங்கிறதுதான் விஷயம். பரிசல்ல போயிருந்தா தெரியும், பத்துப் பேர் பரவலா உக்காந்தா அமைதியாப் போகும், நாலு பேர் ஒரே ஓரத்துக்கு வந்தா கவுந்துரும், எடை குறைவுதான் ஆனாலும் கவுந்துரும். யமாட்டோவோட உள்பக்கம் ஆயிரத்துக்கும் மேல தனித்தனி அறையா தடுத்திருந்துச்சு, ஒண்ணுல தண்ணி வந்தா அடுத்ததுக்குப் போகாது. இடது பக்கம் தண்ணி ஏறி கப்பல் சாய ஆரம்பிச்சா, வலது பக்கம் இருக்கிற காலி அறைங்கள்ல வேணும்னே கடல்தண்ணியைத் திறந்துவிட்டு நிமிர்த்துவாங்க. ஒவ்வொரு தடவை நிமிர்த்தும்போதும் கப்பல் இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கும், வேகம் குறையும், வேகம் குறைஞ்சா அடுத்த டார்பிடோவைத் தப்பிக்க வளைஞ்சு திரும்ப முடியாது. சுக்கானும் ஒரு கட்டத்துல வேலை செய்யலை.

ஒரு மணிக்கு மேல, தண்ணி விடுறதைக் கட்டுப்படுத்துற மையமே அடிபட்டுருச்சு. வலது பக்கம் அதுக்குன்னு ஒதுக்கி வச்ச அறைங்களும் போதலை. சாய்வு ஏறிட்டே போகுது. மிச்சம் இருக்கிற பெரிய இடம் எதுன்னா வலது பக்கத்து எஞ்சின் ரூமும் பாய்லர் ரூமும். அங்க ஆளுங்க வேலை பார்த்துட்டு இருக்காங்க. கப்பல் கவுறாம இருக்க அதையும் திறந்துவிட உத்தரவு போச்சு. உள்ள இருந்தவங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல நேரம் இல்லை, ஏறி வெளிய வர வழியும் இல்லை. தன்னோட கப்பலைக் காப்பாத்த தன்னோட ஆளுங்களையே மூழ்கடிக்க வேண்டிய நிலைமை அது, அதுல கிடைச்சதும் சில நிமிஷம்தான், ஏன்னா அந்த எஞ்சினும் நின்னதால வேகம் இன்னும் குறைஞ்சு டார்பிடோவுக்கு இன்னும் சுலபமான இலக்கா ஆயிருச்சு.

அமெரிக்கப் பைலட்டுங்க எவ்வளவு கவனமா வேலை செஞ்சாங்கங்கிறதுக்கு ஒரு உதாரணம். கடைசியா வந்த டார்பிடோ விமானங்கள்ல ஒரு குழு, யார்க்டவுன் விமானம்தாங்கியைச் சேர்ந்தது, யமாட்டோ இடது பக்கம் சாய்ஞ்சு வலது பக்கத்து அடிவயிறு மேல தூக்கிட்டு நிக்கிறதைப் பார்த்துச்சு. கவசம் இருக்கிறது பக்கவாட்டுல, அடியில கிடையாது. டார்பிடோ தண்ணிக்குள்ள மூணு மீட்டர் ஆழத்துல ஓடுற மாதிரி செட் பண்ணியிருந்துச்சு. அதை ஆறு மீட்டருக்கு மாத்துங்கன்னு சொல்லி, பறந்துட்டு இருக்கும்போதே விமானத்துல இருந்த ஆளுங்க மாத்தினாங்க. அந்த டார்பிடோங்க கவசத்துக்குக் கீழ போய் அடிச்சுது. 41 செ.மீ. எஃகு அந்த இடத்துல எந்த வேலையும் செய்யலை.

ரெண்டு மணி சுமாருக்கு இட்டோ திட்டத்தையே ரத்து பண்ணி, மிச்சம் இருக்கிற டெஸ்ட்ராயர்ங்க மாலுமிங்களைக் காப்பாத்திட்டுத் திரும்பிப் போகணும்னு உத்தரவு போட்டாரு. அந்த உத்தரவு இல்லாமப் போயிருந்தா மத்த கப்பலுங்களும் ஓகினாவாவுக்குப் போய் செத்திருப்பாங்க. அப்புறம் தன்னோட கேபினுக்குப் போனவர் வெளிய வரலை. கேப்டன் அருகாவும் கப்பலோடயே போயிட்டாரு. இட்டோவோட மகனும் பைலட், அதே ஏப்ரல் மாசக் கடைசியில ஓகினாவாப் பக்கம் இறந்துட்டாரு.

14:20க்கு யமாட்டோ முழுசாக் கவுந்துச்சு. 14:23க்கு உள்ள இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடிச்சுது. புகை ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்புச்சு, கியூஷு கரையிலேர்ந்தே பார்த்ததா சொல்றாங்க. தண்ணியில நீந்திட்டு இருந்தவங்கள்ல பலபேர் அந்த வெடிப்புலயும் கப்பல் இறங்கும்போது இழுத்த சுழல்லயும் செத்தாங்க. மேல வந்தவங்க கெட்டியான கறுப்பு எண்ணெய்க்குள்ள ஏப்ரல் மாசக் குளிர்ல மணிக்கணக்கா மிதந்தாங்க. சில விமானங்க அவங்களைச் சுட்டுச்சுங்கிறதும் பதிவாகியிருக்கு.

யமாட்டோல இருந்த 3,300க்கும் மேற்பட்டவங்கள்ல பிழைச்சவங்க 280 பேர்கூட இல்லை. யஹாகியும் நாலு டெஸ்ட்ராயரும் போச்சு, எல்லாக் கப்பலும் சேர்த்து 3,700 பேருக்கு மேல செத்தாங்க. அமெரிக்கத் தரப்புல பத்து விமானம், 12 பேர். எதிரிக் கப்பல் ஒண்ணைக்கூட யமாட்டோ அன்னைக்குக் கண்ணால பார்க்கலை. ஓகினாவாச் சண்டையில ஒரு மணி நேரம்கூட இதனால மாறலை.

திரும்பி வந்த நாலு டெஸ்ட்ராயரைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா பிழைச்சவங்களைத் தண்ணியிலேர்ந்து இழுத்துப் போட்டது அவங்கதான். யுகிகாஸே, ஃபுயுட்சுகி, ஹட்சுஷிமோ, அப்புறம் சுசுட்சுகி. சுசுட்சுகியோட முன்பக்கம் கிழிஞ்சு போயிருந்துச்சு, முன்னாடி போனா தண்ணி உள்ள புகுந்துரும்ங்கிறதால சாசெபோ துறைமுகம் வரைக்கும் பின்பக்கமாவே ஓட்டிட்டு வந்து சேர்ந்தாங்க. யுகிகாஸே போர் முழுக்கத் தப்பிச்சு, பிறகு சீனக் கடற்படைக்குப் போய் ரொம்ப வருஷம் ஓடுச்சு. ஜப்பான் மக்களுக்கு யமாட்டோ மூழ்கினதை அப்போ சொல்லவே இல்லை. அப்படி ஒரு கப்பல் இருக்கிறதே நிறைய பேருக்குப் போர் முடிஞ்ச பிறகுதான் தெரிஞ்சுது.

உடைஞ்ச கப்பல் கியூஷுவுக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 340 மீட்டர் ஆழத்துல கிடக்கு. 1985ல ஆள் போகும் நீர்மூழ்கி அனுப்பி, முகப்புல இருக்கிற சாமந்திப்பூச் சின்னத்தைப் பார்த்து இது யமாட்டோதான்னு உறுதி பண்ணாங்க. 2016ல கூரே நகராட்சி திரும்பவும் ஆராய்ஞ்சு படம் எடுத்துச்சு. முன்பகுதி தனியா, பின்பகுதி தலைகீழா தனியா கிடக்கு, பெரிய டரட்டுங்க கப்பல் கவுந்தப்போ கழண்டு விழுந்துருச்சு, ஏன்னா அது வெறும் எடையாலதான் அதோட இடத்துல உக்காந்திருந்துச்சு. கூரேல 2005லேர்ந்து ஒரு மியூசியம் இருக்கு, பத்துல ஒரு பங்கு அளவுல 26.3 மீட்டருக்கு யமாட்டோ மாடல் செஞ்சு வச்சிருக்காங்க. கப்பலைக் கட்டினவங்களோட பேரப்பிள்ளைங்க இன்னும் இருக்கிற ஊரு அது.